மறுகா மாஸ்டரும் என் வயிற்றெரிச்சலும்

சும்மா இருக்கத் தெரியாதவர்களுக்கென்று உலகத்தில் ஒரு போட்டி வைத்தால் முதலாமிடம் எங்கள் மறுகா மாஸ்டருக்குத்தான். பரிசைக் கையில் கொடுக்கும்வரை இருக்கிற ஐந்து நிமிடத்தில், மேடைக் கதிரைகளில் எது ஆடுகிறதென்று பார்த்து, அதன் காலுக்குக் கீழே கடுதாசி மடித்து வைத்துவிட்டுத்தான் இறங்கி வருவார்.

இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. அந்த மனிதரோடு நாலு வருடம் ஒரே மண்டபத்தில் படிப்பித்தவள் நான். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வயிற்றெரிச்சல். மற்ற உணர்ச்சிகள் எல்லாம் வரிசையில் நின்று அதற்குப் பின்னால்தான் வரும்.

"மறுகா" என்பது மட்டக்களப்புச் சொல். பிறகு, அடுத்தது, அதற்கப்பால் என்ன என்று எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அந்த ஒரு சொல் போதும். அவருடைய வகுப்புப் பிள்ளைகள் கொடுத்த வேலையை முடித்ததும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "முடிச்சிட்டன் சேர், மறுகா?" என்று கேட்பார்கள். நாற்பது பிள்ளைகள், ஒரு நாளைக்கு ஆளுக்கு மூன்று தடவை. அந்தச் சத்தம் பள்ளிக்கூட மதிலைத் தாண்டிப் போய் அவருக்குப் பெயராகவே நிலைத்துவிட்டது. சொந்தப் பெயர் இடாப்பில் மட்டும் இருந்தது.

யுத்தம் நடந்த காலம். தொண்ணூறுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளிக்கூடம் கல்லடிப் பக்கம், வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. வாவிக்கு அந்தப் பக்கத்து படுவான்கரைக் கிராமங்களிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் பின்கட்டடம் முழுக்க இருந்தன. அவர்களுடைய பிள்ளைகளும் எங்கள் வகுப்புகளில் சேர்ந்தார்கள். இடம் போதாமல் ஐந்தாம் ஆண்டு 'ஏ'யையும் 'பி'யையும் ஒரே மண்டபத்தில் போட்டார் அதிபர். ஏ வகுப்பு எனக்கு, பி வகுப்பு மாஸ்டருக்கு. நடுவில் ஒரேயொரு கரும்பலகை. முன்பக்கம் நான் எழுதுவேன், பின்பக்கம் அவர் எழுதுவார். அவர் முற்றுப்புள்ளி வைத்தால் என்னுடைய கூட்டல் கணக்கு ஆடும்.

அப்போது எனக்கு ஒரு பெயர் இருந்தது. கல்விக் கந்தோரிலிருந்து யாராவது வந்தால் அதிபர் முதலில் என் வகுப்புக்குத்தான் கூட்டிவருவார். என் வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும். விழுத்த யாருக்கும் துணிச்சல் வராது என்பது வேறு விஷயம். கணக்கை முதலில் முடிக்கிற பிள்ளைக்கு இன்னும் பத்துக் கணக்குக் கொடுப்பேன். அதையும் முடித்தால் கையைக் கட்டிக்கொண்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக் கிடக்க வேண்டும். இது நல்ல ஒழுங்கென்று நான் உண்மையாகவே நம்பினேன்.

கரும்பலகைக்கு அந்தப் பக்கம் நடந்தது வேறு.

மாஸ்டர் எப்படிப்பட்டவர் என்று முதலில் சொல்ல வேண்டும். ஒரு சாவீட்டுக்குப் போயிருந்தோம். எல்லாரும் அழுதோம். மாஸ்டரும் அழுதார். ஆனால் எங்களுக்கு முன்னமே அழுது முடித்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணவில்லை. வாசலில் குந்தியிருந்து, வந்தவர்களின் செருப்புகளைச் சோடி சோடியாக, சின்னதிலிருந்து பெரிதுவரை அடுக்கிக்கொண்டிருந்தார். பிணம் எடுத்த பிறகு அந்த ஊரில் முதன்முறையாக ஒருவரும் செருப்பு மாறிப் போகவில்லை. கூப்பன் அரிசிக்குச் சங்கக்கடை வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவரின் குடையைத் தைப்பார். கல்யாண வீட்டில் பந்தியில் முதல் ஆளாகச் சாப்பிட்டு எழும்பி, சாய்ந்து நிற்கிற வாழை மரத்தை நிமிர்த்திக் கட்டுவார். மாப்பிள்ளையின் தகப்பன் இவரைக் கூலிக்கு வந்த ஆளென்று நினைத்து, "அங்கால இன்னொண்டு சரிஞ்சிரிக்கு" என்று ஏவ, மாஸ்டர் போய் அதையும் கட்டினார்.

அப்படிப்பட்ட ஆள் பிள்ளைகளைச் சும்மா இருக்க விடுவாரா? அவருடைய வகுப்பில் வேலையை முடித்த பிள்ளைக்கு அடுத்த வேலை காத்துக்கொண்டிருக்கும். அது பாடப்புத்தகத்து வேலை இல்லை. அவருக்கு ஒரு சட்டம் இருந்தது: அந்த வேலை உலகத்தில் யாராவது ஒருவருக்கு உண்மையாகவே தேவைப்பட வேண்டும்.

உதாரணத்துக்கு பஸ். அந்த நாளில் காலையில் புறப்படுகிற பஸ் ஆமிச் சென்றிகளில் சோதனைக்கு நின்று நின்று எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. முதலில் முடிக்கிற பிள்ளைகள் சந்தியில் நின்ற ஆட்களிடம் விசாரித்து, ஒரு மட்டையில் எழுதி, வேலியில் தொங்கவிட்டார்கள். தலைப்பு: 'பஸ் நேற்று வந்த நேரம்'. அதன் கீழே, 'முந்தாநாள்: வரவில்லை.' இன்றைக்கு எப்போது வருமென்று சொல்ல முடியாத காலத்தில் நேற்றைக்கு வந்ததைச் சொன்னதே சனங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆட்கள் நின்று வாசித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு சொல் கொப்பி. படுவான்கரைப் பிள்ளைகள் பல மாதம் பள்ளிக்கூடம் போகாமல் வந்தவர்கள். வாசிப்பில் பின்தங்கி, பேசாமல் மூலையில் இருப்பார்கள். கெதியாய் முடிக்கிற டவுன் பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பி வயல் சொற்களைக் கேட்டு எழுதச் சொன்னார் மாஸ்டர். வட்டை என்றால் என்னவென்று தெரியாமல் ஒரு டவுன் பையன் 'வட்டமான காணி' என்று எழுதிவிட்டான். படுவான்கரைச் சின்னது ஒன்று எழும்பி, வட்டை என்றால் வயல்வெளி, அது வட்டமாக இருக்காது, உன் தலைதான் வட்டம் என்று விளக்கம் சொன்னது. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாய் திறந்த முதல் நாள் அது.

இதெல்லாம் கரும்பலகைக்குப் பின்னால் நடக்கும். எனக்குச் சத்தம் மட்டும் வரும். என் பிள்ளைகளுக்கும் வரும். முப்பத்தெட்டுத் தலைகளும் காற்றுக்குச் சாய்கிற நெற்பயிர் மாதிரி அந்தப் பக்கம் சாயும். நான் பிரம்பால் மேசையைத் தட்டினால் நிமிரும். திரும்பச் சாயும்.

ஒருநாள் இடைவேளையில் அவரிடம் கேட்டேன், இப்படி விளையாட்டுக் காட்டினால் பரீட்சை என்னாவது என்று. அவர் என்னுடைய தேத்தண்ணிக் கோப்பையின் காதை ஒட்டிக்கொண்டே சொன்னார், "டீச்சர், கெதியா முடிச்ச புள்ளைக்கு இன்னும் பத்துக் கணக்குக் குடுத்தா, அது கெதியா முடிச்சதுக்குத் தண்டனையெல்லுவா?"

அது என்னைக் குறித்துச் சொன்னதென்று அவருக்கே தெரியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. வகுப்புக்குப் போய்ப் பார்த்தேன். என் வகுப்பிலேயே கெட்டிக்காரி கோமதி. படுவான்கரையிலிருந்து வந்தவள், ஒன்பது வயது, எழுத்து அச்சுப் போல. ஐந்து நிமிடத்தில் கணக்கை முடிக்கக்கூடியவள், இருபது நிமிடமாகக் கொப்பியின் ஓரக்கோட்டுக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டுமல்ல. என் கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாரும் மெதுவாக வேலை செய்யப் பழகியிருந்தார்கள். பழக்கியவள் நான்.

சரி, நானும் செய்து காட்டுகிறேன் என்று கிளம்பினேன். ஒரு சப்பாத்துப் பெட்டி எடுத்து, துண்டுகள் வெட்டி, பத்துப் பூக்களின் பெயர் எழுது, தாமரைப்பூ வரை, தேசியக்கொடி வரை என்று எழுதிப் போட்டேன். முதல் பிள்ளை இரண்டு நிமிடத்தில் தாமரைப்பூவோடு வந்து நின்றது. "டீச்சர், இது ஆருக்கு?" என்று கேட்டது. நான் யோசித்து, எனக்குத்தான் என்றேன். வெள்ளிக்கிழமை என் மேசையில் நாற்பத்திரண்டு தாமரைப்பூக்கள். பெட்டியைக் கொண்டுபோய் வீட்டில் வெங்காயம் போட்டு வைத்தேன்.

அந்த மாதந்தான் ஒரு காலைநேரம் ஷெல் சத்தம் கேட்டது. படுவான்கரைப் பக்கம் விழுந்தாலும் எங்கள் ஓடு அதிரும். எழுபத்தெட்டுப் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு முற்றத்துப் பங்கருக்குள் இறங்கினோம். தென்னங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர். உள்ளே கும்மிருட்டு. "சத்தம் போடப்படாது" என்று என் வழக்கமான குரலில் அதட்டினேன். வகுப்பில் வேலை செய்கிற குரல் பங்கரில் வேலை செய்யவில்லை. ஒன்று அழத் தொடங்க, முப்பத்தெட்டும் அழுதன.

மாஸ்டரின் பக்கம் அழுகை இல்லை. என்ன செய்கிறார்கள் என்று இருட்டில் எனக்குத் தெரியவில்லை. பிறகுதான் விளங்கியது. கடற்கரையில் மீன்பிடிக்கிறவர்களின் சிக்குப்பட்ட வலைநூல்களை அவர் முன்னமே வாங்கி, ஆளுக்கொரு சிக்கு என்று காற்சட்டைப் பொக்கெற்றிலும் பென்சில் பெட்டியிலும் வைத்திருக்கக் கொடுத்திருந்தார். கண் வேண்டாத வேலை. விரல் போதும். பிள்ளைகள் இருட்டில் இருந்து முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அழுதபடி அவிழ்த்ததும் உண்டு. ஆனால் அவிழ்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் தங்கள் நூலில் பாதியை என் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு சின்னக் கை என் கையைத் தேடிப் பிடித்து ஒரு சிக்கை வைத்தது. "இது லேசான முடிச்சு டீச்சர்" என்று ஒரு குரல் சொன்னது.

சத்தம் ஓய்ந்து எல்லாரும் மேலே ஏறினார்கள். நான் ஏறவில்லை. என் முடிச்சு இன்னும் அவிழவில்லை. அதிபர் வந்து கூப்பிடும்வரை இருட்டில் இருந்தேன். அன்றைக்குப் பதறாமல் வீட்டுக்குப் போனேன். அதுவும் அந்த மனிதரால்தான் என்று நினைக்க, இரவுச் சோறு இறங்கவில்லை.

அடுத்த கிழமை கோமதி வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். நல்ல மரியாதையாகத்தான் கேட்டாள், தான் பி வகுப்புக்குப் போகலாமா என்று. காரணம் கேட்டேன். அங்கே வேலை முடிவதே இல்லை டீச்சர் என்றாள். அவள் போனாள். அதிபரும் விட்டுவிட்டார். நான் கையெழுத்துப் பழக்கி எடுத்த பிள்ளை கரும்பலகைக்குப் பின்னால் போய் "மறுகா?" என்று கேட்ட முதல் தடவை, என் கையிலிருந்த வெண்கட்டி இரண்டாக முறிந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அதிபரிடம் போய்க் கோள் சொன்னேன்.

கோளுக்குக் காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வாவிக்கரையில் மாஸ்டர் ஒரு கமுகந்தடியை நட்டு, அதில் கீறல்கள் போட்டிருந்தார். மாரியில் வாவித் தண்ணி ஏறினால் முதலில் நனைவது இடம்பெயர்ந்த சனம் படுத்திருந்த பின்கட்டடம். தண்ணி எந்தக் கீறலில் நிற்கிறதென்று பார்த்து எழுதுவது முதலில் முடித்த பிள்ளைகளின் வேலை. இரண்டிரண்டு பேராகப் போவார்கள். தண்ணி அளவோடு, அந்த நேரம் கண்டதையும் எழுத வேண்டும். இரண்டு பிள்ளைகள் தனியாகத் தண்ணிக்கரையில் நிற்பது ஆபத்தென்று நான் அதிபரிடம் சொன்னேன். சொன்னது உண்மை. சொன்ன காரணம் வேறு. எங்கள் அதிபர் எந்த முறைப்பாட்டையும், "எழுத்தில வேணாம்" என்று தொடங்கி வைப்பவர். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

பத்து நாள் கழித்து ரோந்து வந்த ஆமிக்காரர்களின் கண்ணில் அந்தத் தடியும், தடிக்குப் பக்கத்தில் கொப்பியோடு நின்ற இரண்டு பிள்ளைகளும் பட்டார்கள். பிள்ளைகள் பயந்து வகுப்புக்கு ஓடிவர, பின்னால் அவர்கள் வந்தார்கள். கொப்பியை வாங்கிப் புரட்டினார்கள். தமிழ் தெரியாவிட்டாலும் இலக்கங்கள் தெரிந்தன. பக்கம் பக்கமாக மணி, நிமிடம், எண்ணிக்கை. யாருடைய கொப்பி என்று கேட்டார்கள். பிள்ளைகள் வாய் திறக்க முன்னம் மாஸ்டர் எழும்பி, என்னுடையது என்றார். அவரை முகாமுக்குக் கூட்டிப் போனார்கள். போகும்போது வகுப்பைத் திரும்பிப் பார்த்து, "நான் வாறன். முடிச்ச ஆக்கள் அடுத்ததை எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் காலத்தில் அப்படிப் போகிற ஆள் எப்போது வருவாரென்று யாரும் சொல்ல முடியாது. ஆசிரியர் அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கோள் சொன்னவள் நான். முகாமுக்கும் சொல்லியிருப்பேனோ என்று அவர்கள் கண்ணில் தெரிந்தது. அதிபர் என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, உங்களுக்குச் சிங்களம் நல்லாத் தெரியுமே டீச்சர் என்றார். தெரியும். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. எட்டு வயதுவரை நான் சிங்கள ஊர் ஒன்றில் வளர்ந்தவள்.

குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். முகாம் பாலத்துக்கு அந்தப் பக்கம், புளியந்தீவில். நடந்து போகும்போது ஒரு நினைப்பு வந்தது. இவர் திரும்பி வராவிட்டால் என் கரும்பலகை ஆடாது. கோமதி என் வகுப்புக்கு வந்துவிடுவாள். அந்த நினைப்பு பாலத்தின் தொடக்கம்வரை என்னோடு கூடவே நடந்து வந்தது. பாலத்தில் ஏறியபோது நடையைக் கூட்டினேன். நேரம் போகிறதென்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

முகாம் வாசலில் ஒரு மர வாங்கில் மாஸ்டர் இருந்தார். சும்மா இருக்கவில்லை. கூடாரம் கட்டுகிற கயிறு ஒரு குவியலாகச் சிக்குப்பட்டுக் கிடந்ததை மடியில் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார். காவலுக்கு நின்ற இளம் சிப்பாய் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு, அவிழ்ந்த நுனியைப் பிடித்துச் சுற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் மாஸ்டர், "டீச்சரும் வந்திட்டீங்களா, இந்தப் பக்கத்தக் கொஞ்சம் பிடிங்க" என்றார்.

உள்ளே அதிகாரி நடுத்தர வயது மனிதர். களைத்த முகம். மரியாதையாகக் கதிரை காட்டினார். கொப்பியை என் முன்னால் வைத்து, வரிக்கு வரி வாசித்துச் சிங்களத்தில் சொல்லச் சொன்னார். மாஸ்டரைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

கொப்பியைத் திறந்தேன். அச்சுப் போல எழுத்து. நான் பழக்கிய எழுத்து. கோமதியின் எழுத்து.

தொடங்கினேன். "எட்டுப் பத்து. தண்ணி மூன்றாம் கீறல். ஒரு தோணி. இரண்டு பேர், ஒரு ஆடு. ஆடு நின்றுகொண்டு வந்தது." அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "எட்டு நாற்பது. தோணி திரும்பிப் போகிறது. ஆடு இல்லை." அவருடைய மீசைக்குள் ஏதோ அசைந்தது. "ஒன்பது இருபது. மழை தூறியது. ஒரு பெண் பெரிய வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார். அவருக்கு வழி தெரிந்தது எப்படி என்று தெரியவில்லை." இப்போது அதிகாரி சிரித்தே விட்டார். எனக்கும் தைரியம் வந்தது. அடுத்த வரிக்குக் கண்ணைக் கொண்டுபோனேன்.

'பத்து மணி. சென்றியில் இருக்கிற ஆமி மாமா நித்திரை.'

வாய் திறந்தபடி நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு நேரே வாவிக்கரையில் ஒரு காவலரண் இருந்தது. அடுத்த நாள் வரியும் அதேதான். 'பத்து மணி. ஆமி மாமா இன்றைக்கும் நித்திரை. வாய் திறந்திருக்கிறது.' அதற்கடுத்த நாள், 'மாமா மாறிவிட்டார். இவர் குண்டு. பத்தே காலுக்கு நித்திரை.'

காவலரண் எந்த நேரம் தூங்குகிறதென்று நிமிடக் கணக்கில் எழுதி வைத்திருக்கிற ஒரு கொப்பியை அந்த நாளில் யாரும் பிள்ளை விளையாட்டென்று எடுக்க மாட்டார்கள். அதிகாரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன எழுதியிருக்கிறதென்று கேட்டார்.

"பத்து மணி. கம்பத்தில் ஒரு பறவை நித்திரை" என்று சிங்களத்தில் சொன்னேன்.

தினமும் தூங்குமா என்று கேட்டார். தினமும் பத்து மணிக்குத் தூங்கும் என்றேன். என்ன பறவை என்று கேட்டார். நீர்க்காகம் என்றேன். மூன்றாம் நாள் வேறொரு நீர்க்காகம் வந்திருக்கிறது, அது கொஞ்சம் கொழுத்தது, பத்தே காலுக்குத்தான் தூங்கியது என்று நானாகவே சொல்லி முடித்தேன். வாய் திறந்திருந்த விவரத்தை மட்டும் விட்டுவிட்டேன். நீர்க்காகத்துக்கு அது பொருந்துமோ என்று சந்தேகம்.

அதிகாரி கொப்பியை மூடினார். பிறகு அமைதியாகக் கேட்டார், படிக்க வந்த பிள்ளைகளை எதற்காக இப்படித் தண்ணியும் ஆடும் எண்ண வைக்கிறீர்கள் என்று. கேள்வி மாஸ்டருக்கு. பதில் சொல்ல வேண்டியவள் நான்.

அப்போது எனக்கு என்ன வந்ததென்று தெரியாது. கெதியாய் முடிக்கிற பிள்ளையைச் சும்மா இருத்தினால் அது மெதுவாக வேலை செய்யப் பழகும் என்றேன். இன்னும் பத்துக் கணக்குக் கொடுத்தாலும் அப்படித்தான் ஆகும், நான் அப்படிச் செய்து பிள்ளைகளைக் கெடுத்தவள் என்றேன். இந்த மனிதர் கொடுக்கிற வேலை ஒவ்வொன்றும் யாருக்காவது பயன்படும், அது பிள்ளைக்குத் தெரியும், அதனால்தான் அது தன் பாட்டில் இருந்து செய்கிறது, யாரும் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை என்றேன். பஸ் மட்டை, சொல் கொப்பி, பங்கருக்குள் அவிழ்த்த நூல், எல்லாவற்றையும் சொன்னேன். நான் கண்ட ஆசிரியர்களில் இவர்தான் திறமானவர் என்றும் சொன்னேன். தமிழில் ஒருநாளும் என் வாயிலிருந்து வராததெல்லாம் சிங்களத்தில் தடையில்லாமல் வந்தது. பக்கத்தில் நிற்கிறவருக்கு விளங்காது என்ற தைரியம்.

அதிகாரி கொப்பியைக் கையில் எடுத்தார். தனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், எல்லாரிலும் முதலில் முடித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையோடு கதைக்கிறாளென்று பள்ளிக்கூடத்திலிருந்து முறைப்பாடு வருகிறது என்றார். பிறகு கொப்பியை நீட்டினார். தண்ணி எழுதலாம். தோணியும் ஆட்களும் எழுதக் கூடாது. பறவை எழுதலாம்.

திரும்பி வரும்போது இரண்டு பேரும் பாலத்தில் நடந்து வந்தோம். பாதிப் பாலத்தில் மாஸ்டர் கேட்டார், "டீச்சர், குருல்லா எண்டா குருவிதானே? அந்தக் கொப்பியில குருவியே இல்லியே."

சொன்னேன். மாஸ்டர் நின்றுவிட்டார். பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வரும்வரை சிரித்தார். அந்தக் கொழுத்த நீர்க்காகத்தைத் தானும் பார்த்திருப்பதாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பின்னால் வந்த சைக்கிள்காரர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சிரித்து முடிந்த பிறகு நான் உண்மையைச் சொன்னேன். அதிபரிடம் கோள் சொன்னவள் நான்தான், ஆனால் முகாமுக்கு நான் சொல்லவில்லை என்றேன்.

"அதிபர் அண்டைக்கே சொல்லிட்டார். நீங்க சொன்னது சரி டீச்சர். ரெண்டு புள்ளையளத் தண்ணிக் கரையில தனிய விட்டது என்ர பிழை. நாளையில இருந்து நானும் கூடப் போவன்."

கோபப்பட்டிருந்தாலாவது எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அதற்கும் இடம் விடவில்லை பாவி மனிதர். கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, கடைசியில் நீங்கள் கன நேரம் கதைத்தீர்களே, அது என்ன என்று கேட்டார்.

"சும்மா, பொதுவாக் கதைச்சன்" என்றேன்.

மறுநாள் கோமதியைத் தனியாகக் கூப்பிட்டு, கொப்பியில் என்ன எழுதக் கூடாதென்று விளக்கினேன். சேர்தானே கண்டதை எழுதச் சொன்னவர் என்றாள். ஆமி மாமாவை நான் நீர்க்காகமாக்கிய கதையையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, "நீர்க்காகம் நிண்டுகொண்டுதான் நித்திரை கொள்ளும் டீச்சர். மாமா இருந்துகொண்டெல்லுவா கொண்டவர்" என்று திருத்தினாள்.

அன்றைக்கே நடுவிலிருந்த கரும்பலகையை நானும் மாஸ்டருமாகத் தூக்கிச் சுவரோரம் வைத்தோம். யோசனை என்னுடையது. தூக்குகிற நேரத்தில் அதன் உடைந்த சட்டத்துக்கு ஆணி அடித்தது அவர். அதன் பிறகு முடித்த பிள்ளைகள் எந்த வகுப்பென்று பார்க்காமல் ஒரே வேலைகளை எடுத்துச் செய்தார்கள். நானும் சில வேலைகள் கண்டுபிடித்தேன். பின்கட்டடத்துத் தாய்மாருக்கு வந்த கடிதங்களை வாசித்துக் காட்டுவது நான் கண்டுபிடித்தது. வாசிக்கப் போன பிள்ளைகள் திரும்பி வந்து அரை நாள் பேசாமல் இருந்தார்கள். மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, இது நான் கொடுத்த எல்லாவற்றிலும் பெரியது என்றார். அன்றைக்குக் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன் என்பது உண்மை. பொறாமை குறைந்ததா என்று கேட்டால், இல்லை. கிட்டத்தில் இருந்து பொறாமைப்பட வசதியாயிற்று, அவ்வளவுதான்.

அந்த மாரியில் தண்ணி ஆறாம் கீறலைத் தாண்டியது. பிள்ளைகள் முதல்நாளே ஓடிவந்து சொன்னதால் பின்கட்டடத்துச் சனம் பாயும் பானையும் நனையாமல் மேட்டுக் கட்டடத்துக்கு மாறியது. கொப்பியில் அந்தப் பக்கத்தில் பதினேழு பறவைகளும் எழுதப்பட்டிருந்தன.

அடுத்த வருடம் மாஸ்டருக்கு மாற்றம் வந்தது. தன்னாமுனைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று. பிரியாவிடைக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்களத்தில் அத்தனை பேசியவள், தமிழில் இரண்டு வசனத்தோடு இருந்துவிட்டேன். மாஸ்டர் ஒரு நிமிடத்தில் பதிலுரையை முடித்துவிட்டு, குடித்து வைத்த கோப்பைகளைச் சேர்க்கத் தொடங்கினார். அவர் இப்போது இல்லை. நான் சிங்களத்தில் என்ன சொன்னேன் என்று கடைசிவரை அவருக்குச் சொல்லவும் இல்லை.

அவர் மாற்றமாகிப் போன பிறகு ஏறாவூருக்குப் போகிற பஸ்ஸில் அந்த வழியால் பலமுறை போயிருக்கிறேன். தன்னாமுனையில் பஸ் நிற்கும்போது வெள்ளை உடுப்போடு பிள்ளைகள் ரோட்டைக் கடப்பார்கள். அவர்களில் யார் அவருடைய வகுப்பென்று எனக்குத் தெரியாது. யன்னலோரம் இருந்து, ஒன்றையும் விடாமல் எல்லாரையும் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.